விடுதி அறையில் கேஸ் ஆபத்து: மூக்குக்குத் தெரியாமல் நடப்பது என்ன?

2020 ஜனவரி 20ஆம் தேதி இரவு, கேரளத்திலிருந்து சென்ற 15 பேர் கொண்ட சுற்றுலாக் குழு நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில் ஒரு விடுதியில் தங்கியது. சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர், ஜனவரிக் குளிர் வேறு. எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கதவும் ஜன்னலும் உட்புறம் தாழிடப்பட்டிருந்தன. மறுநாள் காலை மயங்கிக் கிடந்தவர்களை ஹெலிகாப்டரில் காத்மாண்டுக்குக் கொண்டு சென்றார்கள். எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் நால்வர் குழந்தைகள்.

வாயுக்கசிவு என்றே முதல் செய்திகள் கூறின. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் படம் சிலிண்டர் குழாயில் வெடிப்பு, அறை முழுக்க கேஸ் வாடை. அப்படியென்றால் எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூடவா வாடை தெரியவில்லை என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. எரியாமல் கசியும் கேஸ் வேறு, எரிந்த பிறகு அறைக்குள் தங்கிவிடும் வாயு வேறு என்பதில் அதற்கான பதில் இருக்கிறது. வெளிநாட்டு விடுதிகளில் அதிகம் உயிர் குடிப்பது இரண்டாவது. அதற்கு வாடையே கிடையாது.

ஒரு சொல்லுக்குள் மூன்று ஆபத்துகள்

1. எரியாத கேஸ் கசிவது. எல்பிஜி சிலிண்டரில் இருப்பவை புரொப்பேன், பியூட்டேன். இரண்டும் காற்றைவிட கனமானவை. தரையோடு படிந்து கட்டில் அடியிலும் தாழ்ந்த மூலைகளிலும் தேங்கும். ஐரோப்பிய நகரங்களில் குழாய் வழி வரும் இயற்கை வாயு பெரும்பாலும் மீத்தேன். அது லேசானது, மேலே எழும். இவற்றுக்கு இயல்பில் வாடை இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற துர்நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். காற்றில் எல்பிஜி சுமார் 2 விழுக்காட்டைத் தொட்டாலே ஒரு தீப்பொறி போதும். 2022 மே 6 அன்று ஹவானாவில் சரடோகா ஹோட்டல் வெடித்துச் சிதறி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது கேஸ் கசிவால்தான்.

2. எரிந்த கேஸ் வெளியேறாமல் தங்குவது. இதில் பிறப்பது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது, இருமலும் வராது. சிலிண்டரில் கலந்த துர்நாற்றம் அடுப்பிலேயே எரிந்துபோய்விடுவதால் அந்த எச்சரிக்கையும் இல்லை.

3. பூச்சிமருந்துப் புகை. கேஸ் அடுப்போடு தொடர்பே இல்லாவிட்டாலும் செய்திகளில் இதுவும் ‘விஷவாயு’ என்ற பெயரில் வந்து குழப்புகிறது. இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை பெரும்பகுதி இரண்டாவது ஆபத்தைப் பற்றியது.

எரியும் கேஸ் எப்படி நஞ்சாகிறது

ஒரு லிட்டர் புரொப்பேன் வாயு முழுமையாக எரிய ஏறக்குறைய 24 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்று கிடைத்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகும். கிடைக்காவிட்டால் எரிதல் பாதியில் நிற்கும். அந்தப் பாதி எரிந்த நிலைதான் கார்பன் மோனாக்சைடு.

மூடிய அறையில் நிலைமை தன்னைத்தானே மோசமாக்கிக்கொள்கிறது. ஹீட்டர் அறையின் ஆக்சிஜனை எடுத்து எரிகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் கெடுகிறது. எரிதல் கெடக் கெட நஞ்சு கூடுகிறது. முதல் ஒரு மணி நேரம் எந்தத் தொந்தரவும் செய்யாத ஹீட்டர், நள்ளிரவுக்குப் பின் அதே அறையைக் கொலைக்களமாக்குவது இப்படித்தான். ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும் அமைப்பு நல்ல ஹீட்டர்களில் உண்டு. ஆனால் வாடகை அறையில் இருப்பது அந்த வகையா, அந்த அமைப்பு வேலை செய்கிறதா என்பது தங்குபவருக்குத் தெரியாது.

பாய்லர், கேஸ் கீசர் போன்றவற்றின் கதை சற்று வேறு. எரிந்த வாயுவை வெளியே கொண்டுபோக அவற்றுக்குப் புகைக்குழாய் உண்டு. அதில் பறவை கூடு கட்டலாம், துரு ஓட்டை போடலாம், இணைப்பு விலகலாம். குழாய் நன்றாக இருந்தாலும், அறைக் காற்றை எடுத்து எரியும் பழைய வகைக் கருவி இருக்கும் இடத்தில் சமையலறையின் விசிறி பலமாகக் காற்றை வெளியே இழுத்தால், புகைக்குழாய் வழியே போக வேண்டியது திரும்பி உள்ளே வரும். வீட்டைப் புதுப்பித்து ஜன்னல் இடுக்குகளை எல்லாம் அடைத்துவிட்டு, பழைய கீசரை அப்படியே விட்டுவைத்த அடுக்ககங்களில் இது உண்மையான அபாயம்.

கரி அடுப்பும் இதே குடும்பம்தான். உதகை, கொடைக்கானல் அறைகளில் குளிருக்குக் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் இறந்த செய்திகளை நாமும் படித்திருக்கிறோம்.

உடலுக்குள்

ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமப்பதற்காக இருப்பது. கார்பன் மோனாக்சைடு அதே ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. காற்றில் மிகச் சிறிதளவே இருந்தாலும் மணிக்கணக்கில் சுவாசித்தால் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். மூளையும் இதயமும் முதலில் தவிக்கும்.

அளவைப் பிபிஎம் என்று சொல்வார்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்பது பொருள். 200 பிபிஎம் இருந்தால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் தலைவலி, அசதி, குமட்டல். 400 பிபிஎம் என்றால் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு உயிருக்கே ஆபத்து. 1,600 பிபிஎம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் மரணம் நேரலாம். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்குச் சீக்கிரம் ஏறும். கர்ப்பிணிகளின் வயிற்றுச் சிசுவுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

தூக்கம் இதில் பெரிய எதிரி. விழித்திருப்பவர் தலைவலிக்கிறது என்று வெளியே வந்துவிடக்கூடும். தூங்குபவர் மயக்கத்துக்குள் நேராகப் போய்விடுகிறார். நடுவில் விழித்தாலும் கால் நிற்காது, சிந்தனை ஓடாது, கதவுவரை போக முடியாது.

இன்னொரு பொறி மருத்துவமனையில் காத்திருக்கிறது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி 98, 99 என்று காட்டும். உண்மை தெரிய, கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது இந்த நஞ்சு ஏறிய ஹீமோகுளோபின், எத்தனை விழுக்காடு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை வேண்டும். அதையும் உடனே செய்ய வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நான்கைந்து மணி நேரத்தில் இந்த நஞ்சின் அளவு பாதியாகிவிடும். வாந்தியோடு விமானம் ஏறி ஊருக்கு வந்து பரிசோதித்தால் ரத்தத்தில் தடயமே இராது.

‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’

அயலூரில் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்றால் யாரும் முதலில் சந்தேகிப்பது உணவைத்தான். இந்தத் தவறான முடிவு வாங்கிய விலையைச் சொல்லியே ஆகவேண்டும்.

2025 மார்ச்சில் கோஸ்டா ரிகாவின் மானுவல் அன்டோனியோ பகுதியில் ஒரு விடுதியில் 14 வயது அமெரிக்கச் சிறுவன் தூக்கத்தில் இறந்தான். குடும்பத்தினர் இரவு உணவுக்குப் பின் உடல்நலம் குன்றியிருந்ததால் பேச்செல்லாம் முதலில் உணவைச் சுற்றியே இருந்தது. பிறகு வந்த ரத்தப் பரிசோதனை கார்பாக்சிஹீமோகுளோபின் 64 விழுக்காடு என்றது. 50ஐத் தாண்டினாலே உயிர் தங்குவது அரிது.

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலம், பூன் நகரம், 2013. ஒரு ஹோட்டலின் 225ஆம் எண் அறையில் ஏப்ரல் மாதம் வயதான தம்பதி இறந்துகிடந்தனர். காரணம் உடனே புலப்படவில்லை. அறை மறுபடியும் வாடகைக்கு விடப்பட்டது. ஜூன் மாதம் அதே அறையில் 11 வயதுச் சிறுவன் இறந்தான். அவனுடைய தாய் படுகாயமுற்றார். அதற்குப் பின்பே அறைக்குக் கீழே இருந்த நீச்சல்குளத்தின் நீர் சூடேற்றும் கருவியையும், அதன் துருப்பிடித்து ஓட்டை விழுந்த புகைக்குழாயையும் பார்த்தார்கள். தம்பதியின் மரணத்தின்போதே யாராவது ஓர் அளவுமானியை அந்த அறைக்குள் நீட்டியிருந்தால் சிறுவன் இன்று இளைஞனாக இருந்திருப்பான். இதை எழுதும்போது மனம் ஆறவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்

பூன் சம்பவம் காட்டும் இன்னொரு உண்மை: அறைக்குள் கேஸ் கருவி எதுவும் இல்லாமலே சாகலாம்.

கிரேக்கத்தின் கோர்ஃபூ தீவு, 2006 அக்டோபர். பிரிட்டனிலிருந்து தாமஸ் குக் என்ற சுற்றுலா நிறுவனத்தின் வழியாக வந்த குடும்பம் கடற்கரை ஹோட்டலின் பங்களா ஒன்றில் தங்கியது. ஏழு வயதுச் சிறுமியும் அவளுடைய ஆறு வயதுத் தம்பியும் இறந்தனர். தந்தையும் அவருடைய துணைவியும் நினைவிழந்து கிடந்தனர். பங்களாவை ஒட்டிய சிறு கட்டடத்தில் தண்ணீர் சூடேற்றும் பாய்லர் இருந்தது. ஆபத்து வந்தால் அதை அணைக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனம் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. ஏசி குழாய்க்காகச் சுவரில் விடப்பட்டிருந்த துளை வழியே நஞ்சு படுக்கையறைக்கு வந்தது. 2010இல் கிரேக்க நீதிமன்றம் ஹோட்டல் தரப்பினர் மூவரைத் தண்டித்தது. 2015இல் பிரிட்டனில் நடந்த மரண விசாரணையில் ஜூரிகள் சட்டவிரோதக் கொலை என்று தீர்மானித்தனர். கேஸ் வசதி பற்றி ஹோட்டல் தாமஸ் குக்கிடம் தவறான தகவல் தந்தது என்றும், தாமஸ் குக் செய்த பாதுகாப்புத் தணிக்கை போதாது என்றும், அது தன் கடமையில் தவறியது என்றும் அவர்கள் கூறினார்கள். மேற்பார்வை ஏணியில் ஒவ்வொரு படியும் முறிந்திருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு அதில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

தென்கொரியாவின் காங்நுங் நகரில் 2018 டிசம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை முடித்துவிட்டுச் சுற்றுலா வந்த பத்து மாணவர்கள் ஒரு சிறு விடுதியில் தங்கினார்கள். பாய்லரின் புகைக்குழாய் இணைப்பிலிருந்து விலகியிருந்தது. மூவர் இறந்தனர். அங்கே கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. அதன் பிறகு புதிய கேஸ் பாய்லர்களோடு அலாரம் வைப்பதைக் கொரியா கட்டாயமாக்கியது.

எகிப்தின் ஹுர்காதாவில் 2018 ஆகஸ்டில் இறந்த பிரிட்டன் தம்பதியின் மரணத்துக்கு எகிப்திய அதிகாரிகள் முதலில் ஈ.கோலி கிருமியைக் காரணம் காட்டினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், பிரிட்டன் மரண விசாரணை அதிகாரி சொன்னது வேறு. அடுத்த அறையில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடித்து, இடைக்கதவின் இடுக்குகளை ஒட்டுநாடாவால் மூடியிருந்தார்கள். மருந்தைக் கரைக்கப் பயன்பட்ட டைகுளோரோமீத்தேன் உடலுக்குள் போனால் அதைக் கல்லீரல் கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடும். நெருப்பே இல்லாமல் அதே நஞ்சு. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் கொழும்பில் ஒரு விடுதியில் பிரிட்டன், ஜெர்மனி நாடுகளைச் சேர்ந்த இரண்டு பெண்கள் இறந்தபோதும், அங்கு ஓர் அறையில் மூட்டைப்பூச்சிக்குப் புகைமருந்து இட்டிருந்தது தெரியவந்து விடுதி மூடப்பட்டது.

ஆகவே அறையைச் சுற்றிப் பார்த்து ‘இங்கே கேஸ் இல்லை’ என்று நிம்மதியடைவது போதாது. பக்கத்து அறை, கீழ்த்தளம், வெளிப்புறச் சுவர் எல்லாமே உங்கள் அறையின் ஒரு பகுதி. ஜிப்சம் பலகைச் சுவர்களின் ஊடாகவே கார்பன் மோனாக்சைடு பரவும்.

வாடகைக்கு எடுக்கும் இடத்தில் ஏன் ஆபத்து கூடுகிறது?

சொந்த வீட்டில் அடுப்பின் குணம் நமக்குத் தெரியும். ரெகுலேட்டர் எப்போது மாற்றினோம், டியூப் எத்தனை ஆண்டு ஆனது என்று நினைவிருக்கும். வெளிநாட்டு அறையில் அந்த வரலாறு நம்மிடம் இல்லை. அடுத்தது, விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. பிரிட்டனில் வாடகை வீட்டின் கேஸ் கருவிகளை, விடுமுறைக்கால வீடுகள் உட்பட, ஆண்டுக்கு ஒருமுறை பதிவு பெற்ற பொறியாளர் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் விமானத்தில் நம்மோடு ஏறி வராது. ஹோட்டலுக்கு விதி உள்ள நாட்டிலும் இணையத்தில் வாடகைக்கு விடப்படும் தனி வீட்டுக்கு அது பொருந்தாமல் போகலாம். 2019 மே மாதம் சிலியின் சாந்தியாகோவில் ஏர்பிஎன்பி வழியாக எடுத்த அடுக்ககத்தில் ஆறு பிரேசில் சுற்றுலாப் பயணிகள் இறந்தனர். உடல்நிலை மோசமானபோது அவர்கள் உதவி கேட்டுத் தொலைபேசியில் பேசியிருந்தார்கள். உதவி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உதவிக்காக அறைக்குள் காத்திருக்காமல் முதலில் வெளியேற வேண்டும் என்பதே இதில் பாடம்.

அலாரம்: எது வேண்டும், எங்கே வைப்பது

கூரையில் இருக்கும் வட்டமான புகை அலாரம் கார்பன் மோனாக்சைடை அறியாது. பலர் அதைப் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்குத் தனிக் கருவி வேண்டும். இரண்டையும் அறியும் கூட்டுக் கருவியும் உண்டு. எல்பிஜி கசிவை அறிவது மூன்றாவது வகை, அதைத் தரைக்கு அருகே வைப்பார்கள்.

பயணத்துக்கு நான் வலியுறுத்துவது பேட்டரியில் இயங்கும் சிறிய கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது. வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. ஐரோப்பியத் தரம் இஎன் 50291 அல்லது அமெரிக்கத் தரம் யுஎல் 2034 என்ற குறிப்பு. இஎன் தரத்தில் 50 பிபிஎம் இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 300 பிபிஎம் என்றால் மூன்று நிமிடத்துக்குள்ளும் ஒலிக்க வேண்டும். குறைந்த அளவில் உடனே கத்தாமல் இருப்பது குறையல்ல, வடிவமைப்பே அப்படி.

2. காலாவதி ஆண்டு. உள்ளே இருக்கும் உணரி பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டு வரைதான் உழைக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலி வருவதால் மட்டும் உணரி உயிரோடு இருப்பதாகாது.

3. எண்ணைக் காட்டும் திரை இருந்தால் நல்லது. மருத்துவரிடமும் விடுதிக்காரரிடமும் ‘85 காட்டியது’ என்று சொல்ல முடிவதே ஒரு சாட்சி.

விமானத்தில் அதைக் கைப்பையில் வைப்பது சரி. அறையில் படுக்கையருகே மேசைமேல், மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள். திரைச்சீலைக்குப் பின்னும் அலமாரிக்குள்ளும் வேண்டாம். இந்த வாயு ஏறக்குறைய காற்றின் எடையே உடையது, ஆகவே தரையா கூரையா என்ற சர்ச்சைக்கு இடமில்லை.

அறையில் கண்ணால் பார்க்கக்கூடியவை

குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருக்கிறதா, அதற்கு வெளியே போகும் குழாய் உண்டா என்று பாருங்கள். குழாய் இல்லாத கீசர் என்றால் அந்த அறையை மறுப்பதே முறை. கருவியைச் சுற்றிக் கரிபடிந்த கறை, சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் துடிப்பது, ஜன்னலில் வழக்கத்துக்கு மீறி நீர்த்துளி படிவது எல்லாம் அறிகுறிகள். ஆனால் சுவாலை நீலமாக இருப்பது பாதுகாப்புக்கு உறுதிச்சீட்டு ஆகாது. காற்றோட்டத்துக்கு விட்ட துளையைக் குளிருக்காகத் துணியால் அடைத்திருந்தால் துணியை எடுங்கள். கேஸ் அடுப்பை மூட்டி அறையைச் சூடேற்றவே கூடாது. தூங்கும்போது கேஸ் ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும். கூடுதல் கம்பளி கேட்டு வாங்குங்கள்.

தலைவலி வந்தால், வாடை வந்தால்

ஒரே அறையில் இருக்கும் இருவருக்கோ மூவருக்கோ ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், காய்ச்சல் இல்லை, வெளியே போனால் தேறுகிறது, திரும்பினால் மீண்டும் வருகிறது. இந்த நான்கும் சேர்ந்தால் உணவை மறந்துவிடுங்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியேறுங்கள். ஜன்னலைத் திறப்பதும் கருவியை அணைப்பதும் போகிற வழியில் முடிந்தால் செய்யலாம். வெளியே நின்று அவசர எண்ணை அழையுங்கள். ஐரோப்பா முழுவதும் அது 112. மருத்துவமனையில் கார்பன் மோனாக்சைடு என்ற சொல்லை நீங்களே சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். முகமூடி வழியே கொடுக்கும் தூய ஆக்சிஜன் நஞ்சு பாதியாகும் நேரத்தை ஒன்று, ஒன்றரை மணி நேரமாகக் குறைக்கும். தேறிய பிறகும் சில வாரங்களுக்கு ஞாபக மறதி, குணமாற்றம் தென்பட்டால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பின்விளைவுகள் தாமதமாக வருவதுண்டு.

கேஸ் வாடை வந்தால் முறை வேறு. விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அறைக்குள் நின்று கைப்பேசியில் பேச வேண்டாம். கதவைத் திறந்து, எட்டினால் வால்வை மூடி, வெளியேறிய பின் அழையுங்கள்.

யார் பொறுப்பு?

முன்பதிவு செய்த விதத்தில்தான் இதற்கான பதில் தொடங்குகிறது. விமானம், தங்கும் இடம் எல்லாம் சேர்த்து ஒரே நிறுவனத்திடம் வாங்கியிருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொகுப்புச் சட்டவிதி, பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு விதி போன்றவை அந்த நிறுவனத்தையே பொறுப்பாக்குகின்றன. தனித்தனியாக வாங்கியவர் அந்த நாட்டுச் சட்டத்தின்படி, அந்த நாட்டு நீதிமன்றத்தில், பெரும்பாலும் அந்த நாட்டு மொழியில் வீட்டுக்காரரோடு மோத வேண்டிவரும். இந்தியாவிலிருந்து முகவர் வழியாகச் செல்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அறையிலோ அதையொட்டியோ கேஸ் கருவி எது இருக்கிறது, கடைசியாக அதைச் சோதித்தது எப்போது, கார்பன் மோனாக்சைடு அலாரம் உண்டா. பதிலை மின்னஞ்சலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோர்ஃபூ விசாரணையில், கேஸ் பற்றி ஹோட்டல் சுற்றுலா நிறுவனத்துக்கு என்ன சொன்னது என்பதே முக்கியமான கேள்விகளில் ஒன்றாக இருந்தது.